மூன்றாம் தாள் யாருடையது?

மார்ச் 11, புதன்.

இன்று ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். வேலை முடிந்து நாங்கள் படிக்கப் போகும் மாலை வகுப்புக்குப் பிரதிநிதித் தேர்தல். ஆளைப் பார்க்காமல் வாக்குறுதியைப் பார்த்து ஓட்டுப் போடட்டும் என்று, பெயரில்லாத வாக்குறுதிகளைச் சுவரில் ஒட்டும் யோசனை என்னுடையது. பெட்டியில் விழுந்த இரண்டையும் என் கையெழுத்திலேயே பார்த்தெழுதினேன். எப்படி அமைகிறது என்று பார்க்க நான் எழுதிய மாதிரித் தாளும் அவற்றோடு சேர்ந்து சுவரேறிவிட்டது. அதுவே ஜெயித்தும்விட்டது. "எழுதியவர் இன்றே எனக்கு ஃபோன் செய்யவும்" என்று அறிவித்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. பஸ்ஸில்தான் உறைத்தது.

வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள், கூடப் படிக்கும் வேன் ஓட்டுபவர் அழைத்து, அது தன்னுடையது என்றார். அடுத்து தையல்கார அண்ணன். அவர் பேசியதை எழுதினால் என் பக்கம் சாய்த்துவிடுவேன். அதனால் நான் பேசியது மட்டும்.

ஹலோ... ஆமாண்ணே, நான்தான்... ஆமா, ஆமா, மூணாம் தாள்தான் ஜெயிச்சுது...

என்னது? உங்களோடதா?... இல்லண்ணே, சிரிக்கல. இருமல்...

இருங்க, இருங்க. இன்னைக்கு என்ன திடீர்னு 'தங்கச்சி'? நேத்து வரைக்கும் 'ஏ கண்ணாடி'தானே?... சரி, பாசம். நம்பிட்டேன்.

அதுல என்ன எழுதியிருந்தீங்க, சொல்லுங்க... ம்... 'ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிடறாங்க, அரை மணி தள்ளிப் பூட்டச் சொல்லிக் கேப்பேன்'... ம், ம்... 'முடியாதுன்னா, முடியாதுன்னு வந்து சொல்லுவேன்'... அட, வரி மாறாம ஒப்பிக்கறீங்களே! வேன்காரரும் இப்பதான் இதே மாதிரி ஒப்பிச்சாரு... ஆமா, அவரும்தான்... திட்டாதீங்கண்ணே, ரெண்டு பேரும் ஒரே சுவத்தைத்தானே படிச்சீங்க.

அப்ப ரெண்டாம் தாள் யாரோடது? 'வகுப்புல எல்லாருக்கும் பாதிக் கூலியில தையல்'னு... எனக்கு எப்படித் தெரியுமா? ஏண்ணே, வேன்காரர் தைப்பாரா?...

சரி, மூணாம் தாள்ல கடைசி வரி என்ன?... இருக்குண்ணே. அடியில, பொடி எழுத்துல. 'கேட்டது கிடைக்கிற வரைக்கும் வகுப்பை நானே பெருக்குவேன்'... ஹலோ?... ஹலோ, இருக்கீங்களா?... ஓ, இப்ப அது உங்களோடது இல்லையா? முதுகு வலியா? ஐயோ பாவம்...

அண்ணே, ஒண்ணு சொல்றேன், கத்தக் கூடாது. அதை எழுதினது நான்... சும்மா, மாதிரிக்கு. எடுக்க மறந்துட்டேன்... சத்தியமா... சிரிங்க, நல்லா சிரிங்க...

நானா? நான் எப்படிண்ணே போய்க் கேக்கறது? ஆஃபீஸ்ல மேனேஜர் நிமிர்ந்து பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும்... போட்டியிலயே இல்லாதவ ஜெயிச்சா அதுக்குப் பேர் தேர்தலா? நியாயமா நடக்கணும்னு குதிச்சதே நான்தானே...

என்ன சொன்னீங்க?... மூணுக்கா? உங்க தாளுக்கு நீங்களே போட்டுக்கலையா?... ம்... ஆமா, போன வாரம் பார்த்தேன். லேட்டா வந்துட்டு, கேட்டுக்கு வெளிய, மழையில, நீங்க பையைத் தலையில வெச்சுக்கிட்டு... ம்... ம்...

அப்ப ரெண்டாம் தாளுக்கு விழுந்த அந்த ஒத்த ஓட்டு யாரோடது?... உங்க மச்சானா!... பாவம், அவருகிட்ட சொல்லிடாதீங்க.

இல்லண்ணே, யோசிக்கணும்... என்ன, துடைப்பம் நீங்க வாங்கித் தர்றீங்களா? விளையாடாதீங்க. அண்ணே... ஹலோ? அண்ணே?...

வெச்சுட்டாரு.

நாளை: கேட் பூட்டுமுன் போய், நடந்ததை எல்லோரிடமும் சொல்ல வேண்டும். மூன்று தாள்களுக்குக் கீழும் எழுதியவர் பெயரைப் போட்டு, மறுபடி ஓட்டெடுக்க வேண்டும். பெட்டியைக் கேட்டருகே வைக்க வேண்டும். வெளியே நிற்பவர்களும் கம்பி வழியாகப் போடட்டும். எதற்கும் வீட்டுத் துடைப்பத்தை எடுத்துப் போக வேண்டும்.