பலகையில் வைத்த பல்பு

"ஒனக்குப் பேசவே வராதா?" என்று மரிய அந்தோணி அத்தான் ஒருநாள் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆம்ப்ளிபையருக்குள் கையை விடும் ஆளுக்குப் பக்கத்தில் நிற்பவள் ஒரு வார்த்தையாவது சொல்லவேண்டியிருக்கிறது, அதற்காகக் கேட்டார்.

பள்ளிக்கூடம் பாதியில் நின்றபின், ஆலங்குடியில் அப்பா வைத்திருந்த மைக்செட் கடையில்தான் என் பொழுது போயிற்று. அத்தை மகனான அத்தான் அங்கே மெக்கானிக். வால்வு ஆம்ப்ளிபையரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும். ஒயர் கட்டிய பல்பை அதில் தொட்டால் மினுங்கி அணையும்; கரண்ட் வடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்.

"வாய் தொறந்து சொல்ல வேணாம் தாயி. வடிஞ்சதும் பல்பைப் பலகையில வச்சிரு. நான் கைய விடுறேன்."

என் கூச்சத்துக்காக அவர் யோசித்த வழி அது. எனக்காக வேறு யாரும் எதையும் யோசித்ததில்லை.

உள்ளே ஒரு கைதான் போகவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். மற்றது முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போய்விடும்.

அவருக்கும் என் அக்கா வேளாங்கண்ணிக்கும் நிச்சயமாயிற்று. கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று. தடை ஏதும் தெரிந்தால் சொல்லும்படி சாமியார் கேட்டார். என் மனதில் இருந்தது தடைக் கணக்கில் வராது. கல்யாணமானதும் இருவரும் திருச்சிக்குப் போவதாக ஏற்பாடு.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், கோயில் திருவிழாவுக்காக ஒரு பழைய சீமை ஆம்ப்ளிபையரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தோம்.

"திருச்சியில ஒங்கக்காதான் பல்பு வைக்கணும். அவ வாய மூடுனாத்தானே வேலை நடக்கும்" என்றார். நானும் சிரித்தேன்.

அவர் கை கொஞ்சம் வெந்தால் போதும். கட்டுப்போட்ட கையோடு யாரும் மோதிரம் மாற்றமாட்டார்கள். பிளக்கைப் பிடுங்கினேன். பல்பைக் கண்டன்சரில் தொடாமலே பலகையில் வைத்தேன். நான் பொய் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை.

அவர் சத்தம்கூடப் போடாமல் பலகைமேல் சரிந்தார். அவசரத்தில் கரண்டை வடிக்காமல் அவரே கையை விட்டுவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெட்டியை வேறொருவர் முடித்துக் கொடுத்தார். திருவிழாவில் நன்றாகத்தான் பாடியது.

அவருடைய முப்பதாம் நாள் பூசைக்குக் கிளம்பும்போது அக்கா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்போது பல்பைத் தொடாமல் வைத்ததைச் சொல்லிவிட்டேன். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"கைதான் வேகும்னு நெனச்சே. சின்னப்புள்ள. தெரியாமச் செஞ்சிட்டே, இல்லையா?"

அவளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று தோன்றியது.

"எடது கை முதுகுக்குப் பின்னால இல்லக்கா, பெட்டி சாயாம இரும்புத் தகட்டைப் பிடிச்சிருந்தாரு. அதப் பாத்துட்டுத்தான் வச்சேன்."

அக்கா என் தலையை மடியிலிருந்து மெதுவாக எடுத்துத் தரையில் வைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள்.