தாக் அண்ணனுக்கு நான் பார்த்து வாங்கிக் கொடுத்தவை

புதிதாக சாக்ஸபோன் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ட்யூனரும் மெட்ரோனோமும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற பெட்டியை வாங்காதீர்கள் என்பதுதான். விலை குறைவு, கைக்கு அடக்கம், எல்லாம் சரி. ஆனால் சுருதி காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தாள ஒலி காதில் ஏறாது. தாளத்தை எண்ண ஆரம்பித்தால் முள் மறந்துபோகும். தனித்தனியாக வாங்குவதே நல்லது. ட்யூனர், கருவியின் கழுத்தில் கவ்விக்கொள்கிற வகையாக இருக்கட்டும். பக்கத்தில் இன்னொருவர் ஊதினாலும் அது குழம்பாது. மெட்ரோனோம், சாவி கொடுத்து ஓடுகிற பழைய மரப்பெட்டியாக இருந்தால் ஊசல் ஆடுவது கண்ணுக்கும் தெரியும். பதினோரு வருஷமாக எங்கள் சாக்ஸபோன் சங்கத்தில் சேர்ந்த அத்தனை பேருக்கும் நான்தான் இவற்றைப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். உங்கள் அப்பா தாக் அண்ணனுக்கும் நான்தான்.

அந்த இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள், யுன்ஹீ. உல்சானிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். பார்லி டீ ஆறுகிறது, குடியுங்கள். கேட்டதைச் சொல்கிறேன். எதையும் மறைக்கிற ஆள் இல்லை நான்.

இங்கே மசானில் முப்பது வருஷம் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தேன். அது சுத்தமான வேலை. வெள்ளைக் கட்டைகளைத் துடைத்துவிட்டுத்தான் கை வைப்பேன், முடித்தபின் மறுபடி துடைப்பேன். ஓய்வுக்குப் பிறகு சங்கத்தின் செயலாளர் ஆனேன். மீன்கடைக்குக் கீழே இருக்கும் அந்த நிலவறைக் கூடம் உங்களுக்குத் தெரியும். இருபத்து மூன்று ஆண்கள், ஒரு பெண். வங்கி மேலாளர், கப்பல் பட்டறை மேஸ்திரி, பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லாரும் வேலையை விட்டு வந்தவர்கள். வாரம் மூன்று நாள் வந்து பழைய காதல் பாட்டுகளை ஊதுவார்கள். கூடத்தைப் பெருக்குவது, பின்னணி இசைப்பெட்டியைப் பார்த்துக்கொள்வது, தரையில் சொட்டியிருக்கும் எச்சிலைத் துடைப்பது எல்லாம் என் பொறுப்பு.

எச்சிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாக்ஸபோன் வாயில் வைத்து ஊதுகிற கருவி, உள்ளே ஈரம் தேங்கத்தான் செய்யும். அதற்காகத்தான் துணியை உள்ளே விட்டு இழுத்துத் துடைக்கச் சொல்கிறோம். ஊதுகிற மவுத்பீஸில் பொருத்தியிருக்கும் மெல்லிய நாணல் பட்டையை, அதாவது ரீடை, கழற்றிக் கழுவி உலரவைக்கச் சொல்கிறோம். உங்கள் அப்பா போன வருஷம் மார்ச் மாதம் சேர்ந்தார். முதல் நாளே எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே காய்ந்த கணவாய் மீனை மென்றுகொண்டிருந்தார். என் குடும்பப் பெயரைச் சேர்த்து மா தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"மா தம்பி, எதுக்குய்யா ரெண்டு பெட்டி? நான் முப்பத்தாறு வருஷம் ஓட்டின பஸ்ல எல்லா முள்ளும் ஒரே பலகையிலதானே இருந்துச்சு?"

"அண்ணே, பஸ்ல ஒரு முள்ளைப் பாத்தா இன்னொன்னு கெட்டுப்போகாது. இதுல கெட்டுப்போகும்."

"அப்படியா. சரி, நீ சொன்னா சரிதான். எனக்கு என்ன தெரியும்."

கணவாய் மென்ற வாயைக் கொப்பளிக்காமல் அப்படியே ஊதினார். மவுத்பீஸ் ஓரத்தில் இழை இழையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் அவர் பெட்டியைத் திறந்தபோது மக்கொல்லி என்கிற அரிசிக்கள்ளின் புளித்த வாடையும் ஈரப் பித்தளை வாடையும் சேர்ந்து வந்தன. ரீடின் நுனியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. நான் காட்டினேன். கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, நகத்தைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, ரீடை வாயில் வைத்துக்கொண்டார். "பூஞ்சைக்கும் பசிக்கும்ல தம்பி," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் எது சொன்னாலும் சிரிப்பார்கள். அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை நான் தண்ணீர் பிடிக்க மேலே போயிருந்தேன். படியில் இறங்கி வரும்போது என் டெனர் சாக்ஸபோனின் ஓசை கேட்டது. என் கருவியை எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஓசையை அதிலிருந்து நான் கேட்டதில்லை. நடுக்கமே இல்லாமல் நெஞ்சுக்குள்ளிருந்து நீளமாக வந்த ஒரே ஒரு ஸ்வரம். உள்ளே போனால் உங்கள் அப்பா என் மவுத்பீஸை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மற்றவர்கள் தங்கள் கருவிகளை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கோவிச்சுக்காதே தம்பி. எப்படியிருக்குன்னு பாத்தேன். உன்னுது நல்லா வழுக்கிட்டுப் போகுது," என்று கையால் வாயைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். மவுத்பீஸிலிருந்து ஒரு எச்சில் நூல் அவர் உதடு வரைக்கும் நீண்டு அறுந்தது.

சங்கத் தலைவர் ஹொங் அன்றே சொன்னார். வசந்தத்தில் நடக்கும் பூவிழாவில் எங்கள் சங்கம் வாசிக்கும், நடுவில் ஒருவர் தனியாக வாசிப்பார். ஏழு வருஷமாக அது நான். "வர்ற விழாவுக்கு தாக் அண்ணன் வாசிக்கட்டுமே. என்ன செயலாளரே, உங்களுக்கும் ஓய்வு வேணும்ல," என்றார். நல்ல யோசனை என்று சொன்னேன்.

வீட்டுக்குப் போய் மவுத்பீஸைக் கொதிக்கவைத்தேன். எபோனைட் என்கிற அந்தக் கெட்டி ரப்பரை வெந்நீரில் போட்டால் நிறம் வெளுத்துக் கந்தக நாற்றம் அடிக்கும், போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான். நானே போட்டேன். பிறகு காகிதத்தில் சுற்றிக் குப்பையில் எறிந்தேன். பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். பொறாமைப்படுகிறவன் மவுத்பீஸை ஏன் கொதிக்கவைக்கப் போகிறான். எனக்கு இருந்தது அருவருப்பு மட்டும்தான்.

அவர் எங்கே பயிற்சி செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். அடுக்குமாடி வீட்டில் ஊத முடியாது. காலையில் மழலையர் பள்ளிக் குழந்தைகளை இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றப் போகும் வரைக்கும் பஸ் வேலை முடிந்தபின் ஓட்டிவந்த அந்த மஞ்சள் வேனை அலைத்தடுப்புச் சுவர் பக்கம் நிறுத்திவைத்து ஊதுவார். துணைக்கு யாரும் கிடையாது. ட்யூனரும் மெட்ரோனோமும்தான்.

ட்யூனரின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால்தான், எந்த அளவை அது சரியான சுருதி என்று காட்டுகிறது என்கிற எண் தெரியும்: நானூற்று நாற்பது. எங்கள் இசைப்பெட்டியும் அதே சுருதிதான். பாட்டரி பார்க்கிறேன் என்று வாங்கி அதை நானூற்று முப்பத்தொன்பது ஆக்கினேன். ஒரு எண் இறங்கினால் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் முப்பத்தெட்டு. அவசரப்படவில்லை. ஆகஸ்டு கடைசியில் நானூற்று முப்பத்திரண்டு. வேனில் அவர் முள்ளைப் பார்த்து, சுருதி இறங்குவதற்காக மவுத்பீஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துக்கொண்டே போனார். முள் நடுவில் நிற்கும், பச்சை விளக்கு எரியும். கூடத்துக்கு வந்து மற்றவர்களோடு ஊதினால் பல் கூசும்.

"அண்ணே, இறங்கியிருக்கு," என்பார் தலைவர்.

"காலையில சரியா இருந்துச்சே. பச்சை காட்டுச்சே."

அப்போது நான் அவர் ட்யூனரையே வாங்குவேன். கையில் வைத்து பொத்தானை நாற்பதுக்கு ஏற்றிவிட்டு அவர் கண்முன்னே கவ்வவிடுவேன். முள் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கும். "உங்க கருவிதாண்ணே சொல்லுது," என்பேன். திருப்பிக் கொடுக்கும்போது பழைய எண்ணுக்கு இறக்கிவிடுவேன். நாலைந்து தடவை இப்படிச் செய்திருப்பேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது மூன்றாவது தடவையில் என்று நினைவு.

மெட்ரோனோம் இன்னும் எளிது. மூடியைத் திறந்து உள்ளே ஒரு பித்தளைத் தகட்டை அரை மில்லிமீட்டர் வளைத்தேன். டக் என்பதற்கும் அடுத்த டக்குக்கும் நடுவில் இடைவெளி ஒரு தடவை நீளம், ஒரு தடவை குறைவு. நொண்டுகிறவன் நடப்பதுபோல. கூர்ந்து கேட்டால் தெரியும். நாள் முழுவதும் கேட்டால் தெரியாது, காது பழகிவிடும். அக்டோபரில் அவர் தாளமும் நொண்டியது. பியோ அக்காதான் எங்கள் சங்கத்தின் ஒரே பெண், வாய் கொஞ்சம் நீளம். "ஓட்டுநர் அண்ணே, நீங்க ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டீங்க. நாங்க எல்லாம் முந்தின ஸ்டாப்லயே கையைக் காட்டிக்கிட்டு நிக்கிறோம்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. உங்கள் அப்பா மட்டும் மன்னிப்புக் கேட்டார்.

நவம்பரில் ஒருநாள் எல்லாரும் போனபின் அவர் மட்டும் நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கவா. யார்கிட்டயும் சொல்லாதே. இன்னிக்கு வண்டியில வரும்போது சிக்னல் பச்சையா இருந்துச்சு. எனக்கு நம்ப முடியல. நிறுத்திட்டேன். பின்னாடி ஒரே ஹார்ன். பிள்ளைங்க எல்லாம் 'தாத்தா, பச்சை, பச்சை'ன்னு கத்துதுங்க. எங்க பெரியப்பாவுக்கு மறதி நோய் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல சந்தர்ப்பம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் பேசும்போது உதட்டோரத்தில் வெள்ளையாக நுரை கட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போறீங்கண்ணே. முடிவு உங்களோடது," என்று சொன்னேன். மறுநாள் வேன் சாவியைப் பள்ளியில் கொடுத்துவிட்டார். அவரை நான் கட்டாயப்படுத்தவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

டிசம்பரில் நீங்கள் எனக்கு ஃபோன் செய்தீர்கள். "சித்தப்பா, அப்பாவுக்கு ஏதாவது மாறுதல் தெரியுதா? ஒளிக்காம சொல்லுங்க. நான் தூரத்துல இருக்கேன், நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க," என்றீர்கள். நான் ஒளிக்கவில்லை. இரண்டு தாளம் சேர்ந்தாற்போல் வைக்க முடியவில்லை, இல்லாத சுருதியைக் கேட்கிறார், தன் கையில் இருக்கும் கருவியே தன்னை ஏமாற்றுகிறது என்கிறார் என்று சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. பரிசோதனையில் டாக்டர் கிழமையைக் கேட்டாராம், பயத்தில் அவருக்குச் சொல்லத் தெரியவில்லையாம். பிப்ரவரியில் அவரை முதியோர் மருத்துவமனையில் சேர்த்தீர்கள். படிவத்தில் அவசரத்துக்குக் கூப்பிட என் எண்ணைத்தானே கொடுத்தீர்கள்.

ஏப்ரலில் விழா நடந்தது. நான் தனியாக வாசித்தேன். கை தட்டினார்கள்.

வியாழக்கிழமைதோறும் அவரைப் போய்ப் பார்க்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையால் அவருக்கு வாயில் நீர் ஒழுகுகிறது. கழுத்தில் துண்டு கட்டியிருக்கிறார்கள். துண்டு நனைந்து மஞ்சளாகிவிட்டால் தாதியைக் கூப்பிடாமல் நானே மாற்றுகிறேன். கையுறை போட்டுக்கொண்டுதான், ஆனாலும் மாற்றுகிறேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரியாது.

போன திங்கட்கிழமை நீங்கள் இந்தக் கருவிகளைப் பூசானில் விற்கக் கொண்டுபோனீர்கள். கடைக்காரர் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, இதை வைத்துப் பழகிய ஆள் யார் என்று கேட்டாராம். மரப்பெட்டியைத் திறந்து தகட்டையும் காட்டினாராம். புதிதாக எடுத்த ஸ்கேனில் மூளையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார் என்கிறீர்கள். நல்ல செய்தி. ஆனாலும் அவர் வீட்டுக்கு வர மறுக்கிறார், தன்னை நம்ப மறுக்கிறார், கரண்டியைக் கையில் கொடுத்தால் இது கரண்டிதானா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுகிறார் என்கிறீர்கள். அதனால் நான் வந்து என் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும் என்கிறீர்கள்.

சொல்லிவிட்டேன், யுன்ஹீ. திங்கட்கிழமை நீங்கள் ஃபோனில் பேசிய பேச்சிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. வியாழனன்று அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான், தகடு, ஃபோன், எல்லாம். உங்களுக்குச் சொன்ன இதே வரிசையில், இதே நிதானத்தில். அவர் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

"என் மனசு தேறணும்னு பழியை உன்மேல போட்டுக்கறியா தம்பி. வேணாம்யா. என் புத்தி போயிருச்சு, எனக்குத் தெரியும். நீ நல்லவன். இந்த ஊர்ல எனக்குன்னு வந்து உட்கார்ற ஒரே ஆள் நீதான்."

மறுபடி விளக்கிச் சொல்லி அவரைக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் என்னை எத்தனை நாள் பார்த்திருப்பீர்கள். அவர் ஒரு வருஷத்துக்கு மேல் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர். என்னைப் பற்றி அவர் சொன்னதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் அவருடைய புத்தி தெளிவாகவே இருக்கிறது.