கதவில் இருந்த நெளிவு

புறக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். நான் பேப்பர் வாசிப்பதுபோல் நடித்தேன். அதில் எனக்கு நீண்ட அனுபவம்.

"பழைய ரேஸ் கார் கண்காட்சியில உங்கட அப்பான்ர காருக்குத்தான் முதல் பரிசாமே, அண்ணை?"

"ஓம். அப்பா செத்த இடத்தை நானே தட்டி நேராக்கினனான்."

"என்ன சொல்லுறியள்?"

"மலை ரேஸில மரத்தோட அடிபட்டு, கதவு நெளிஞ்சுதான் அவர் போனவர். நெளிவு இருந்தா ஜட்ஜ்மார் புள்ளி குறைப்பினமே. ஆனா அம்மா ஒவ்வொரு திவசத்துக்கும் அதிலதான் கை வைச்சுக் கும்பிடுவா. இப்ப அவவுக்குக் கண் தெரியாது. இந்த முறை கதவு முழுக்கத் தடவிப் பார்த்துட்டு, 'எங்கட காரை வித்துப்போட்டியோ?' எண்டு கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."