ரெண்டு பள்ளம்

ஐயோ தம்பி, அதுல உக்காராதீங்க! அது நாற்காலி இல்ல. நாற்காலிதான், ஆனா போன வருஷத்துலேர்ந்து அது சிற்பம். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. இது இன்னும் ஸ்டூலாவேதான் இருக்கு, அவ கண்ணு இதுமேல படல.

என் பொண்ணு களிமண் எடுத்துட்டு வரப் போயிருக்கா. அரை மணியில வந்துருவா. அதுவரைக்கும் எங்கிட்ட கேளுங்க. அவளைப் பத்தி புஸ்தகம் போடறீங்களாமே? நான் எட்டாவதோட நின்னவ, பெரிய வார்த்தையெல்லாம் நீங்களே பாத்துப் போட்டுக்கணும்.

எப்படி வேலை செய்வாளா? உளி, சுத்தின்னு நெனச்சீங்களா? நானும் அப்படித்தான் நெனச்சேன். சிற்பம் படிக்கறேன்னு போனப்போ, சரி, ஒரு குதிரையாவது செஞ்சு குடுப்பா, டிவி மேல வெப்போம்னு இருந்தேன். குதிரையும் இல்ல, கழுதையும் இல்ல. இதுவரைக்கும் ஒரு மூக்கு செஞ்சதில்ல அவ. மனுஷன் எழுந்து போன இடத்தைத்தான் செய்வாளாம். தலகாணியில தலை அழுத்தின பள்ளம், செருப்புல கட்டவிரல் தேச்ச குழி, அதுல எல்லாம் பிளாஸ்டரைக் கரைச்சு ஊத்தி, இறுகினதும் பேத்து எடுப்பா. சின்னவன் அவளுக்குக் களிமண்ணுன்னே பேர் வெச்சிட்டான். கூடப்பொறந்தவன் வேற எப்படிப் பேசுவான்?

நீங்க உக்காரப் போனீங்களே, அதுலதான் அவங்கப்பா முப்பது வருஷம் உக்காந்து தையல் மிஷின் மிதிச்சாரு. அந்தக் குழியில ஊத்தி எடுத்தா. இப்போ அவரோட பின்பக்கம் ஒரு மியூசியத்துல, கண்ணாடிக்குள்ள, தனி லைட்டு போட்டு இருக்கு. எங்க கல்யாணத்தன்னிக்குக் கூட அந்த மனுஷனை யாரும் இவ்ளோ நேரம் பாத்ததில்ல. வெக்கமா? அவருக்கா? தைக்க வர்றவங்களை எல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வர்றாரு.

சிரிங்க, பரவால்ல. முதல் கண்காட்சியில நானே மானத்தை வாங்கினேன். பை கனமா இருந்துச்சு. செவுத்துல ஒரு கொக்கி நீட்டிக்கிட்டு இருந்துச்சு, மாட்டிட்டேன். அது அவ சிற்பமாம்! ரெண்டு பேர் வந்து என் பையைச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. கண்ணாடி போட்ட ஒருத்தர், ரொம்பத் துணிச்சலான படைப்புன்னாரு. உள்ள என் மூக்குப்பொடி டப்பாவும் நனைஞ்ச குடையும்தான் இருந்துச்சு. எடுக்கவும் முடியல, விடவும் முடியல.

ஆமா, ரெண்டு பள்ளம். கேப்பீங்கன்னு தெரியும். அதுக்குத்தானே எல்லாரும் வர்றாங்க. சுட்ட மண்ணு பலகை, நடுவுல ரெண்டு குழி. ஒருத்தர் அதைத் தண்ணி வத்தின கெணறுன்னு எழுதினாரு. இன்னொருத்தர் பூமியோட ரெண்டு கண்ணுன்னாரு. ஒரு அம்மா அது முன்னாடி நின்னு தேம்பித் தேம்பி அழுதாங்களாம். அது என் முட்டி, தம்பி. வலது பக்கம் கொஞ்சம் அகலமா இருக்கும் பாருங்க, அது வீக்கம்.

வேணும்னு செய்யல. தெனம் விடியறதுக்கு முன்னாடி, அந்த ஜன்னல் ஓரமா முட்டி போட்டு ஜெபம் பண்ணுவேன். முப்பது வருஷமா அதே இடம். அன்னிக்கு மேசையில இடம் இல்லைன்னு, ஈரக் களிமண்ணைத் தட்டையாத் தட்டி, மேல நனைச்ச துணியைப் போட்டு அங்கயே வெச்சிருக்கா. நான் லைட்டு போடறதில்ல. கால்ல மெத்துன்னு பட்டுச்சு. அட, பரவால்லையே, அம்மாவுக்கு முட்டி வலின்னு மெத்தை போட்டு வெச்சிருக்காளே பொண்ணுன்னு மனசு உருகிப் போச்சு. முட்டி போட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு. ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்ல.

அவ வந்து பாத்துட்டு, அம்மா! அப்படின்னு ஒரு கத்து கத்தினா பாருங்க. பாழாக்கிட்டேன்னு நெனச்சு, இரு, தட்டிச் சரி பண்ணிடறேன்னு குனிஞ்சேன். தொடாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்படியே சூளைக்கு எடுத்துட்டுப் போயிட்டா. மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். பரிசு, பேப்பர்ல போட்டோ, வெளியூர்ப் பயணம். பலகைக்குக் கீழ என்ன எழுதி வெச்சிருக்கா, படிச்சீங்களா? எனக்காக என் அம்மா வேண்டிக்கிட்ட இடம்னு.

ம். நல்லா எழுதியிருக்கா.

இப்போ மியூசியத்துல அதுக்கு ஜோடியா இன்னொண்ணு கேக்கறாங்க. அடுத்த வாரம் குடுக்கணும். அதோ, செவுத்து ஓரமா அடுக்கி இருக்கு பாருங்க, பன்னெண்டு பலகை. பன்னெண்டுலயும் நான்தான் முட்டி போட்டேன். ஒண்ணு கூட அது மாதிரி வரல. வந்து தொட்டுப் பாருங்க. சாஸர் அளவுக்குத்தான் குழி. தேநீர் ஊத்திக் குடிக்கலாம். மண்ணுல தண்ணி பத்தலங்கறா, தண்ணி கூடிப் போச்சுங்கறா. மண்ணையே மாத்திட்டா, இப்பவும் அதுக்குத்தான் போயிருக்கா. அழுத்தும்மா, அழுத்தும்மாங்கறா. நான் என்ன மாவா பிசையறேன்? ஒரு வாரமா சரியாச் சாப்பிடல. முதல் பலகை ஏதோ அதிர்ஷ்டம், நான் சிற்பியே இல்லைம்மான்னு நேத்து சொன்னா. அது என்னால தாங்க முடியல.

என் உடம்பு இளைக்கல தம்பி, எடை கூடத்தான் போட்டிருக்கேன். மண்ணுலயும் ஒரு கோளாறும் இல்ல. எனக்குத்தான் வேண்டிக்க ஒண்ணும் இல்ல. புள்ளைங்க நல்லா இருக்காங்க, அவரு நல்லா இருக்காரு. சும்மா நன்றி சொல்லிட்டு எழுந்திருக்கறவளுக்கு முட்டி எவ்ளோ அமுங்கும்?

அன்னிக்கா? அன்னிக்கு வேற. அதுக்கு முதல் நாள், என் தம்பி அலைஞ்சு திரிஞ்சு ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல அவளுக்கு வேலை வாங்கிக் குடுத்திருந்தான். அந்த ஆர்டர் காகிதத்துலயே பிளாஸ்டர் கரண்டியைத் தொடச்சுப் போட்டிருந்தா. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. இவளுக்கு இந்த வேலை வெளங்கவே கூடாது, இதுல தோத்து வீட்டோட வந்துடணும்னுதான் அந்த ஒரு மணி நேரமும் அழுது அழுது கேட்டேன். அவ போட்டு வெச்ச மெத்தைன்னு நெனச்சுக்கிட்டு, அதுமேல முட்டி போட்டே கேட்டேன். கடவுளுக்கும் குசும்பு ஜாஸ்தி தம்பி. என் வேண்டுதலையே எடுத்து அவ கையில குடுத்துட்டாரு.

வேன் சத்தம் கேக்குதா? வந்துட்டா. அதை இப்போ எழுதிக்காதீங்க, முதல்ல அவ காதுல விழணும். இன்னிக்குப் பதிமூணாவது பலகை. அவகிட்ட சொல்ற தைரியத்தைக் குடுன்னுதான் கேக்கப் போறேன். அமுங்கும்னு நெனக்கறேன். கொஞ்சம் கையைக் குடுங்க, எழுந்திருக்கணும்.