கொதிக்கும் ஆலையில் பூட்டைக் கழற்றிய செவிலி அம்மையாருக்கு

கனிவின் கருவூலமே! கத்தரி வெயிலையே கண்டித்து வைத்த கிருபாவதி அம்மையாரே! பங்காருபாளையம் மாங்கூழ் ஆலையின் மருத்துவ அறையைப் பதினெட்டு ஆண்டுகள் ஆண்டு, இன்று பணி ஓய்வு பெறும் அரசியே! வணக்கம்.

சித்தூர் மாங்கூழ் அரபு நாடுகளுக்குக் கப்பலேறத் தொடங்கிய காலத்தில் எழுந்தது நம் ஆலை. தமிழ்நாட்டு எல்லைக் கிராமங்களிலிருந்து வேனில் வந்திறங்கிய பெண்கள், வெளியே வெயிலும் உள்ளே நீராவியுமாக வெந்தார்கள். மாம்பழம் குவியும் மாதத்தில் மயக்கமும் வரத்தான் செய்யும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். தாங்கள் விடவில்லை.

தாங்கள் வந்த முதல் கோடையிலேயே, பழம் அறுக்கும் செல்லியம்மா சுருண்டு விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்றெண்ணி, நம்மூர் வழக்கப்படி மேற்பார்வையாளர் முரளி தம் இரும்புச் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். ஓடிவந்த தாங்களோ, தொட்டதுமே உடம்பின் அனலை உணர்ந்து, இது வெப்பத்தாக்கு என்று கண்டு, அவரை நிழலில் கிடத்தி, பழம் கழுவும் தொட்டி நீரை மொண்டு மொண்டு ஊற்றி, அட்டைப்பெட்டியைக் கிழித்து எங்களை விசிறச் சொன்னீர்கள். நினைவில்லாத வாயில் மோர் ஊற்ற வந்தவரை அதட்டி நிறுத்தினீர்கள். ஆலை ஜீப்பில் சித்தூர் ஆஸ்பத்திரி வரை ஈரத்துணி மாற்றிக்கொண்டே போனீர்கள். அந்த உயிர் தங்குமா என்று ஆலையே கலங்கி நின்றது.

தங்கியது! கண் விழித்தவரிடம், ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டீர்கள்.

"ஒதுங்க எடமில்லம்மா. கக்கூஸ் பூட்டிக்கீது. அதான் தண்ணியே குடிக்காம கீறோம்" என்றார் அவர்.

பெண்கள் அங்கே போய்ப் பொழுதை ஓட்டுகிறார்கள் என்று பூட்டியவர் நம் முரளிதான். செல்லியம்மா கையில் அவர் திணித்த கொத்தில்தான் அந்தச் சாவியும் இருந்தது! ஆலைக்குத் திரும்பியதும், "இனிமே இதுக்குப் பூட்டே வேணாம், முரளி" என்று சொல்லி, பூட்டைக் கழற்றித் தங்கள் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். இந்த விழா மேடையில் இதைக் கேட்டு முரளி நெளிகிறார்; நெளியட்டும். இன்று தண்ணீர்ப் பானைகள் நிரம்பியிருக்கின்றனவா என்று காலையில் முதலில் பார்ப்பவரும் அவரே.

நண்பகல் ஓய்வைப் போராடிப் பெற்ற பெருந்தகையே! தகரக் கூரைக்குச் சுண்ணாம்பு பூசவைத்த தாயே! திட்டித் திட்டியே எங்களைத் தண்ணீர் குடிக்கவைத்த தங்கமே! மே மாதத்தில் பொன்னாடை போர்த்தினால் அதற்கும் திட்டு விழும் என்று அஞ்சி, இளநீர்க் குலையோடு நிற்கிறோம்.

ஆண்டுக்காண்டு வெயில் ஏறுகிறது. தங்களுக்கும் வயது ஏறுகிறது. இனி உச்சிவேளையில் தாங்கள் வாசல் தாண்டக் கூடாது. இது எங்கள் அன்புக் கட்டளை. நலமோடு நெடுங்காலம், நிழலோடு நெடுங்காலம் வாழ்க!

இம்மடலில் முதல் கையெழுத்து தமதே என்று எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறார் ஒருவர். வழிவிட்டோம்.

இவண்,
செல்லியம்மா
அவருக்குப் பின்னால், முரளியும் ஆலைத் தொழிலாளர் அனைவரும்