முனைக்கு முனை

பாக்கியம்: போதுங்க. இதுக்கு மேல இந்தக் கை ஏறாது.

ஏகாம்பரம்: வேட்டி தரையைக் கூட்டுது பாரு. இன்னும் ஒரு சாண் தூக்கு.

பாக்கியம்: ஒரு சாணா! ரெண்டு விரக்கடை தர்றேன்.

ஏகாம்பரம்: உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்... நாலு விரக்கடை.

பாக்கியம்: கடையில விக்க ஒரு முழத் துணி இல்ல. பேரத்துக்கு மட்டும் குறைச்சலில்ல.

ஏகாம்பரம்: சரக்கைத்தானே ஜப்பான்காரன் லோரியில ஏத்திட்டுப் போனான்? வாயை விட்டுட்டான்ல! தூக்கு... ம்... இன்னும்...

பாக்கியம்: ஸ்... மெதுவா! மார்ல புத்துன்னு ஒரு பக்கத்தை டாக்டரு எடுத்தாரு. மீதி உசிரை நீங்க எடுக்கிறீங்க.

ஏகாம்பரம்: அந்த வெள்ளைக்கார டாக்டரைத்தான் ஜப்பான்காரன் பிடிச்சு உள்ள போட்டுட்டானே... ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி கடைசியா என்ன சொன்னா? தினமும் கையைத் தலைக்கு மேல தூக்கலைன்னா தோள் இறுகிடும்னு சொன்னாளா இல்லையா?

பாக்கியம்: சொன்னா. சுவத்துல விரலை ஏத்திப் பழகுன்னா. வேட்டி மடிக்கச் சொன்னாளா?

ஏகாம்பரம்: சுவத்துக்கிட்ட தனியா நின்னா ரெண்டு நாள்ல விட்டுடுவே. எட்டு முழம் மடிக்க எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேணும்ல?

பாக்கியம்: காலையில மடிக்கிறோம், சாயங்காலம் பிரிச்சு மறுபடி மடிக்கிறோம். இந்த காஜா பேராங் ஊர்ல எந்த வேட்டிக்கும் இந்தக் கதி வரல.

ஏகாம்பரம்: சரி, உதறு. கிட்ட வா... முனையைக் கொடு.

பாக்கியம்: இந்தாங்க.

ஏகாம்பரம்: ஏன், கொடுத்ததும் ஓடுறே?

பாக்கியம்: அடுப்புல மரவள்ளி கிடக்கு.

ஏகாம்பரம்: வேகட்டும்... பாக்கியம், ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து அடுப்படியிலயே படுக்கிறே.

பாக்கியம்: கை சரியாகட்டும்னு சொன்னேன்ல.

ஏகாம்பரம்: கை மட்டும்தானா?

பாக்கியம்: ...ஒரு இழை விட்டுப் போயிருந்தாலே கண்டுபிடிச்சுத் தள்ளி வைக்கிற ஆளு நீங்க. ஒரு பக்கமே இல்லாம எப்படிங்க வர்றது?

ஏகாம்பரம்: கொள்முதல்லதான் தள்ளி வைப்பேன். உடுத்திப் பழகினதையா?

பாக்கியம்: ...வாய்! வியாபாரி வாய்!

ஏகாம்பரம்: இருக்கட்டும். ஒண்ணு கேக்கிறேன். நீ ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம் பரண் மேல அரிசி டின்னை ஒளிச்சு வச்சது யாரு?

பாக்கியம்: நீங்கதான்...

ஏகாம்பரம்: நான் இல்ல. வீட்டுல இருக்கிறது நாம ரெண்டே பேரு. ரெண்டு கையையும் தலைக்கு மேல நீட்டாம அந்த டின் அங்க ஏறாது.

பாக்கியம்: மரவள்ளி அடிப்பிடிக்குது, நான் போறேன்.

ஏகாம்பரம்: என்ன, பேரம் படியலையா?

பாக்கியம்: அதை எப்பங்க பாத்தீங்க?

ஏகாம்பரம்: போன மாசமே.

பாக்கியம்: பாத்துட்டுமா தினமும் வேட்டியைத் தூக்கிட்டு வந்தீங்க?

ஏகாம்பரம்: முனையைக் கொடுக்கவாவது கிட்ட வர்றியே... நீ ஏன்டி எட்டலை எட்டலைன்னு பொய் சொன்னே?

பாக்கியம்: எட்டிடுச்சுன்னா வேட்டியை எடுத்துப் பெட்டியில வச்சிடுவீங்க... அப்புறம் உங்க விரல் என் மேல எப்பங்க படும்?