சின்னண்ணன் பேரில் நாற்பது கணினி

உச்சி வெயில் நேரம். பனமரத்துப்பட்டி ஏரியை ஒட்டிய ரோடு... ஆள் இல்லை, ஆடு இல்லை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். நடந்தது நம் தனசேகரின் தங்கை வீட்டுக்காரன் மதனுக்கு. தனசேகர் இதோ இருக்கிறான். பொய் சொன்னால் அவனே என்னைச் செருப்பால் அடிக்கட்டும்.

மதனுக்கு நாமக்கல்லில் ஒரு லாரி கம்பெனியில் வேலை. கம்பெனிக் கணினிகள் எங்கே இருக்கின்றன, எதற்கு யார் பொறுப்பு என்று டேட்டாபேஸில் சரியாக வைத்திருக்க வேண்டும். தினமும் ஒரு புரோகிராம் அதைச் சோதிக்கும். பொறுப்பாளர் பெயரோ இடமோ பதிவில் இல்லையென்றால் சிவப்பு. மேனேஜர் ஜெகதீஸ்வரனுக்குச் சிவப்பு ஆகாது. ஒரு மூட்டையின் கனம் தெரியாமல் வளர்ந்த உடம்பு.

"வெள்ளிக்கெழம ஆடிட்டு. ஒரு சிவப்பு இருந்தாலும் நீங்க ஊட்டுக்குப் போயிரலாமுங்க மதன்."

பாதிக் கணினிகளுக்கு யார் பொறுப்பென்று யாருக்கும் தெரியாது. அதற்கு அங்கே ஒரு வழக்கம்... ஆளில்லாததையெல்லாம் சின்னண்ணன் பேரில் ஏற்றிவிடுவார்கள். கம்பெனியின் பனமரத்துப்பட்டிக் கிடங்கில் மூட்டை சரிந்து செத்துப்போன வாட்ச்மேன் அவர். செத்தவன் போன் போட்டுச் சண்டைக்கு வரமாட்டான் பாருங்கள். உயிரோடு இருந்தவரை ஒரு மின்விசிறி தராத கம்பெனி, செத்தபின் நாற்பது கணினி தந்தது.

மதனும் மிச்சத்தை அவர் பேரிலேயே ஏற்றினான். எல்லாம் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. பதிவில் இல்லாத இடத்திலிருந்து ஏதோ ஒரு கணினி அந்தச் சோதனைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தேடினால்... அந்தக் கிடங்கு. பூட்டி, கரண்ட்டை வெட்டி வருஷக்கணக்காகிறது.

"நேர்ல போய்ப் பாருங்க," என்றான் ஜெகதீஸ்வரன். அவன் போவானா?

அப்படித்தான் மதன் அந்த வெயிலில் பைக்கில் போனான். கிடங்கு வாசலில் நின்று தனசேகருக்குப் போன் போட்டான்.

"மச்சான், பூட்டு துருவேறிக் கெடக்குது. ஆனா உள்ள பீடி வாசம் வருது... ஈரச்சாக்கு வாசமும்."

"வந்துருங்க மாப்ள. வேலை போனா மசுரு போச்சு."

மதன் கதவில் காதை வைக்கும் சத்தம்.

"உள்ளிருந்து பேசறாங்க மச்சான்... 'இத்தனையும் என்ர பேர்ல ஏத்திப்புட்டியே சாமி, எனக்குக் கம்ப்யூட்டர் தட்டத் தெரியலியே... வந்து சொல்லிக் குடு'ங்கறாங்க."

லைன் அறுந்தது.

மதன் வீடு திரும்பவில்லை. போலீஸ் பூட்டை உடைத்துப் பார்த்தது. சாக்கு, எலிப்புழுக்கை... வேறொன்றும் இல்லை. பைக் மட்டும் வாசலில்.

வெள்ளிக்கிழமை ஒரு சிவப்பும் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. மதன் பேரில் யாரோ டேட்டாபேஸுக்குள் நுழைந்து தினமும் பதிவுகளைச் சரிசெய்கிறார்கள். அவன் பெண்டாட்டி யாழினி ஆபீசில் போய் அழுதபோது ஜெகதீஸ்வரன் டீயைக் கீழே வைக்கவே இல்லையாம்.

"வேலை நடக்குதுங்களே. ஆளு எங்கிருந்தா என்னங்க?"

இதுவும் ஒரு ஜென்மம்.

போன வாரம் தனசேகரும் யாழினியும் கிடங்குக் கதவில் காது வைத்தார்கள். உள்ளே கீபோர்டு சத்தம். டக்... டக்... ஒற்றை விரல். எழுத்தைத் தேடித் தேடித் தட்டும், பழகாத கை.

"ஏனுங்க..." என்று கூப்பிட்டாள் யாழினி.

சத்தம் நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம், வெகு அருகில், ஒரு மூச்சு கிளம்பியது. பேச வாய் திறந்தவனின் மூச்சு.

உடனே, பீடி வாசம் அடிக்க, யாரோ அந்த வாயைப் பொத்தினார்கள். உள்ளங்கை ஒட்டும் சத்தம்கூடக் கேட்டதாம்.